எடுத்துக்காட்டு வாக்கியம்

என் நோட்டு இருக்கும் இடம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே, பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னால். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. ஒளித்து வைக்க வேறு இடமும் இல்லை. அக்காவிடம் ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

அது வார்த்தைகளுக்கான நோட்டு. பள்ளிக்கூட அகராதியில் இடம் கிடைக்காத வார்த்தைகள். ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொல்வார்கள். எழுந்து நிற்பேன், குரல் வராது. முதலில் திங்கட்கிழமைகளில் மட்டம் போட்டேன், பிறகு வாரம் முழுக்க. அம்மா ஒரு மாதம் திட்டினாள். அதற்குப் பிறகு, அக்கா வேலை பார்க்கும் சலவைக் கூடத்திலேயே என்னையும் சேர்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டு வந்தது அந்த அகராதிப் பழக்கம் ஒன்றைத்தான்.

முதல் வார்த்தை 'மொக்கை'. பென்சில் மொக்கை என்றால் கூர் போய்விட்டது. ஜோக் மொக்கை என்றால் யாரும் சிரிக்கவில்லை. படம் மொக்கை என்றால் பாதியில் எழுந்து வந்துவிட்டார்கள். 'மொக்கை போடாதே' என்றால் பேசியது போதும். பக்கத்து வீட்டுப் பெண் தனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டி "மொக்கையா இருக்கான்ல" என்றாள். அப்போது அவள் முகம் சிவந்திருந்தது. அது இந்த நான்கிலும் அடங்கவில்லை. அதற்கு ஐந்து என்று தனி எண் போட்டேன்.

ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவேன். அதை நானாக இட்டுக்கட்ட மாட்டேன். நிஜமாக ஒருவர் சொன்னதை, சொன்னபடியே, யார் சொன்னது, எந்தக் கிழமை, எங்கே என்பதோடு எழுதுவேன். இட்டுக்கட்டிய வாக்கியம் பொய் என்று நினைத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அக்கா பத்தாவது பாஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டபடி நோட்டைப் படிப்பாள். ஒற்று விட்டிருந்தால் போடுவாள். சரியாக இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் டீச்சர் மாதிரி பென்சிலால் ஒரு டிக்.

"இதெல்லாம் யாருக்கும் காட்ட மாட்டியே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"காட்டினா யாருடி படிக்கப் போறா? நம்ம ரெண்டு பேருக்கும்தான் இந்தக் கிறுக்கு."

சலவைக் கூடத்துக்கு ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, ரோலரில் விட்டுத் தேய்த்து, கடைசியில் எங்கள் மடிப்பு மேசைக்கு வரும். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. ஜோடி ஜோடியாக நிற்போம். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். வேலை நேரத்தில் பேசக் கூடாது என்று சுவரில் பலகை இருந்தது. ஆனால் மூலைகள் சேரும்போது இரண்டு முகங்களும் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடும். அந்த நொடியில் ஒரு வார்த்தை சொல்லலாம். இரண்டு சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

அதனால்தான் அங்கே பேச்செல்லாம் ஒற்றை வார்த்தையாக இருந்தது. 'ஈரம்' என்றால் சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கிறார். 'சுருக்கம்' என்றால் வீட்டில் சண்டை. 'பெரிய சுருக்கம்' என்றால் மாமியாரும் சேர்ந்துகொண்டாள். 'தலையணை' என்றால் அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது. சலவைக் கூடத்தில் யார் காதில் விழுந்தாலும் சந்தேகம் வராத வார்த்தைகள்.

சூப்பர்வைசருக்கு ஜிப்பு என்று பெயர். யாராவது வாயைத் திறந்தால் தன் உதட்டின் மேல் விரலை இழுத்துக் காட்டுவார், ஜிப் போடுவது போல. அந்தப் பெயரை வைத்தவள் அக்கா. அன்றைக்கு மேசை முழுக்க சத்தம் வராமல் சிரித்தது. எனக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவள் ரோலர் அத்தை. "உன் பேச்சு காதுல விழறதுக்குள்ள பறந்து போயிடுது" என்றாள். இருபது வருடமாக ரோலரில் நிற்கிறவள். பாதி வார்த்தைகள் அவள் உண்டாக்கியவை.

என் ஜோடி குடை. மழை இல்லாத மாதத்திலும் கையில் குடையோடு வருவாள். "மழைய நம்பலாம், ஆளுங்களத்தான் நம்ப முடியாது" என்பாள். மூலைகள் சேரும்போது என்னிடம் முதலில் பேசியவள் அவள்தான். நான் பதில் சொல்லாவிட்டாலும் பேசினாள். நாள் போகப் போக நானும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொன்னேன்.

குடைக்கு ஆறு மாதம். தொளதொளவென்று ஏப்ரன் கட்டி மறைத்திருந்தாள். கூடத்தில் ஒரு வருடம் விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம். நிரந்தரமானால் பிரசவத்துக்கு லீவு உண்டு, திரும்பி வந்தால் அதே இடம். அதற்கு முன்னால் வயிறு தெரிந்துவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள். அவளுக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. வீட்டுக்காரன் வேலை தேடிப் போனவன், எட்டு வாரமாகப் போன் இல்லை. அந்த மூன்று வாரத்தைத்தான் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆனால் குனிந்து விரிப்பை எடுக்க அவளால் முடியவில்லை. ஒரு ஜோடி ஒரு நாளைக்கு இருபது கட்டு மடித்தாக வேண்டும். நாங்கள் பதினைந்தைத் தாண்டவில்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் குறைந்தால் ஆபீசில் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்கள். அப்போதுதான் 'ஓரம் தைப்பது' வந்தது. மற்ற ஜோடிகள் தங்கள் கட்டுகளில் ஒன்றை, போகிற போக்கில் எங்கள் அடுக்கில் வைத்துவிட்டு, எங்கள் எண் போட்ட சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஐந்து கட்டும் அப்படி வந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோப்பு நெடி" என்றாள்.

அன்று சாயங்காலம் அதை எழுதினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. என் நோட்டிலேயே அழகான வார்த்தை அதுதான்.

'ஓரம் தைத்தல்: தான் மடித்த கட்டை, முடியாதவர் கட்டோடு சேர்த்து வைத்தல். எ.கா.: "குடைக்கு ஆறு மாசம், குனிய முடியல. அவ கட்டுக்கு ஓரம் தைச்சு விடுங்கடி." ரோலர் அத்தை, புதன்கிழமை, டீ நேரம்.'

ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைப் படித்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் அந்தப் பக்கத்தில் இருந்தாள். பிறகு டிக் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜிப்பு மேசையின் தலைமாட்டில் வந்து நின்றார். கையில் போன்.

"என்னம்மா, இன்னைக்கு ஈரம் ஜாஸ்தியா இருக்கோ?"

உதறிய விரிப்புகள் உதறியபடியே தொங்கின.

"யாருக்கும் தலையணை வேணுமா? வெக்கப்படாம கேளுங்க." அவர் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தார். "குடைக்கு ஆறு மாசம், குனிய முடியல. அவ கட்டுக்கு ஓரம் தைச்சு விடுங்கடி. ரோலர் அத்தை, புதன்கிழமை, டீ நேரம்."

நான் கால்புள்ளி வைத்த இடத்தில் அவர் மூச்சு விட்டார். என் பச்சை மை எழுத்து அந்தச் சின்னத் திரையில் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கையில் இருந்த இரண்டு மூலைகளும் நழுவிவிட்டன.

ரோலர் அத்தை மெஷினை நிறுத்தினாள். "நல்லா வாசிக்கிறீங்க சார். ஸ்கூல்ல உங்களத்தான் எழுப்பி விட்டுப் படிக்கச் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஜிப்பு குடையைப் பார்த்து, "ஆபீசுக்கு வாம்மா. பாத்து, மெதுவா வா" என்றார். அந்த மெதுவா என்ற சொல் எனக்கு இன்னும் கேட்கிறது.

பத்து நிமிடத்தில் அவள் திரும்பி வந்தாள், சாமான் எடுக்க. ஏப்ரனைக் கழற்றினாள். பழக்க தோஷத்தில் அதை என் பக்கம் நீட்டினாள். நானும் பழக்க தோஷத்தில் இரண்டு மூலையைப் பிடித்தேன். சேர்த்தோம்.

"நீயா எழுதின, பஞ்சு?"

தலையை ஆட்டினேன். என் லட்சணம் எல்லாம் வெளியே வந்துவிட்ட மாதிரி அவமானமாக இருந்தது. நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நின்ற மாதிரியே நின்றேன்.

"குடைன்னுதானே போட்டிருக்க. நல்லவேளை, என் நிஜப் பேரு உனக்குத் தெரியாது" என்றாள்.

தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன். அதுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா நீலக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர்களுக்குத் தருகிற கோட்டு. அளவு பெரிது; தோளில் ஊசி குத்தி வைத்திருந்தாள். இரண்டு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது.

நான் வாசலிலேயே நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"அப்படிப் பாக்காதடி. நான் ஒண்ணும் போட்டுக் குடுக்கல. மேசையில என்ன நடக்குதுன்னு அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். சூப்பர்வைசரா நிக்கணும்னா ஆளுங்க பாஷை தெரியணும், உனக்குத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்னு காட்டினேன். அவ்வளவுதான்."

செருப்பைக் கழற்றி வாசல் ஓரமாக வைத்தேன்.

"அவ எப்படியும் மாட்டியிருப்பா. வயிறு என்ன உள்ளங்கையிலயா இருக்கு, மூடி வைக்க? உன் பேரு வெளிய வரல. அத நான் சொல்லி வாங்கிட்டேன். அதுக்கு ஒரு தேங்க்ஸ் கூட இல்ல."

"எத்தனை பக்கம்?" என்று கேட்டேன்.

"என்ன?"

"போட்டோ எத்தனை பக்கம் எடுத்த?"

அவள் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பி வைத்தாள். "எல்லாந்தான்" என்றாள்.

அவள் குளிக்கப் போனபோது காலண்டர் அட்டைக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்தேன். பக்கங்களைப் புரட்டினேன். 'ஓரம் தைத்தல்' இருந்தது, டிக்கோடு. 'ஈரம்' இருந்தது. ஒரே ஒரு பக்கம் இல்லை. ஸ்கேல் வைத்து, தையல் ஓரத்தில் ஒரு நூல் பிரியாமல், நிதானமாகக் கிழித்திருந்தாள். 'ஜிப்பு' என்ற வார்த்தையும், அதை உண்டாக்கியவர் பெயரும் இருந்த பக்கம்.

அதுவரை எனக்குள் ஒரு மூலையில், பாவம், வாய் தவறிக் காட்டிவிட்டாள் என்று ஒரு எண்ணம் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கிழிப்பதை வாய் தவறிச் செய்ய முடியாது.

மேசையில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஜோடி இல்லாததால் என்னைத் தலையணை உறைக்கு மாற்றினார்கள். அது ஒரு ஆள் வேலை. ஓரமாக ஒரு சின்ன மேசை. என்னைக் கடந்து போகும்போது பேச்சு நின்றுவிடும். ஒரு தடவை ரோலர் அத்தை தண்ணீர் குடிக்க வந்தவள், "பஞ்சு, காதுல வைக்கிறதுக்குத்தான் பஞ்சு. எடுத்து வச்சுக்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

ஒரே வாரத்தில் பாஷை முழுக்க மாறிவிட்டது. ஈரம் போய்விட்டது, சுருக்கம் போய்விட்டது. மூலைகள் சேரும்போது உதடுகள் வேறெதையோ சொல்லின. 'நோட்டு' என்ற வார்த்தை மட்டும் எனக்குச் சிரமமில்லாமல் புரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தியைக் காட்டி ஒருத்தி கேட்டாள், "நோட்டா?" இன்னொருத்தி, "இன்னும் தெரியல" என்றாள். கோள் சொல்லி என்று அர்த்தம். நான் சேர்த்த வார்த்தைகளெல்லாம் போய், நான் ஒரு வார்த்தையாகிவிட்டேன். அதை எழுதவில்லை.

ஆனால் காது மூடிக்கொள்ளாது. தனியாக உட்கார்ந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். 'மஞ்சள் நூல்' என்று அடிக்கடி வந்தது. அதைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி ரோலர் பக்கம் நகர்வாள். விரிப்பின் இடது முனையை அவள் பிடித்து உள்ளே விடுவாள். மூன்றாம் நாள் காரணத்தைப் பார்த்தேன். ரோலர் அத்தையின் இடது கையில் உறை. தண்ணீர் குடிக்கக் கழற்றியபோது நான்கு விரலும் வெந்து கன்றிப் போயிருந்தன. மேலே தெரிந்தால் ரோலரிலிருந்து எடுத்துவிடுவார்கள். இருபது வருடம் நின்ற இடம். 'மஞ்சள் நூல்' என்பது வேறொன்றுமில்லை, பழைய ஓரம் தைத்தல்தான். பெயரை மட்டும் மாற்றி, மறுபடி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நீலக் கோட்டில் மேசை மேசையாக நடந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலைமுடியைக் கோதிவிட்டாள்.

"மஞ்சள் நூல் மஞ்சள் நூல்னு ஏதோ சொல்றாளுங்களேடி. என்னதது?"

"தெரியாது."

"உனக்குத் தெரியாம இருக்குமா? ஜிப்பு தெனமும் என்னைத்தான் கேக்கறாரு. வந்து பத்து நாள்தான் ஆகுது, அதுக்குள்ள என்னைக் கழட்டி விட்டுடுவாரு போல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நோட்டுல எழுதுவல்ல" என்றாள்.

எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம், பச்சை மையில், வழக்கமான கையெழுத்தில்.

'மஞ்சள் நூல்: வேலை முடிந்து சேர்ந்து படத்துக்குப் போகலாமா என்று கேட்பது. எ.கா.: "மஞ்சள் நூல் இருக்கா, இல்ல நேரா வீட்டுக்கா?" ரோலர் அத்தை, வியாழக்கிழமை, கை கழுவும் இடம்.'

யாரும் சொல்லாத வாக்கியம். கிழமையும் இடமும் போட்டதும் உண்மை மாதிரியே இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நோட்டை அதே அட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து அதை எடுத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பக்கம் புரளும் சத்தம் நின்றது. பென்சில் காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. பிறகு பார்த்தேன். டிக்.

திங்கட்கிழமை பதினொரு மணி வாக்கில் மூலைகள் சேர்ந்தன. உதடுகள் அந்த வார்த்தையைச் சொல்லின. அக்கா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ரோலர் அத்தையிடம் போனாள்.

"எந்தப் படம் அத்தை? என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்."

ரோலர் அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் விரிப்பின் இடது முனையைப் பிடித்திருந்தவளுக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். பிறகு அத்தையின் பார்வை மெதுவாக, தலையணை உறைகள் இருந்த சின்ன மேசைக்கு வந்தது. என் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"படம் இன்னும் முடிவாகலம்மா. ஆனதும் சொல்றேன்" என்றாள் அக்காவிடம்.

யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றினாள். அந்தச் சிரிப்பு மேசை நெடுக ஓடி அடங்கியது. அக்காவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. நீலக் கோட்டின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

அத்தையின் கை தப்பித்தது. ஆனால் சாயங்காலம் வரை என் மேசைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வரும் என்று ஏதோ ஒரு நம்பிக்கையில், ஒவ்வொருத்தி கடந்து போகும்போதும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குடை இருந்திருந்தால் அன்றோடு அவளுக்கு வருடம் முடிந்திருக்கும்.

வீட்டில் அக்கா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு.

"எனக்கே பொய் எழுதிட்டியாடி" என்றாள். குரல் உடைந்திருந்தது. நடிப்பில்லை, அவளுக்கு நிஜமாகவே வலித்திருந்தது. "நான் உன்கூடப் பொறந்தவ."

எழுந்து நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆனாலும் குரல் வந்தது.

"எல்லாப் பக்கமும் எடுத்தேன்னு சொன்னியே அக்கா. ஜிப்பு பக்கம் எங்க?"

அவள் நோட்டை மூடினாள். திறந்தாள். கிழித்த இடத்தில் விரல் போய் நின்றது. அம்மா வேலையிலிருந்து வந்து, ரெண்டு பேரும் ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கீங்க என்று கேட்டு விளக்கைப் போட்டாள்.

காலையில் எங்கள் படுக்கை விரிப்பை எப்போதும் இரண்டு பேராகத்தான் மடிப்போம். கூடத்துப் பழக்கம். சின்ன விரிப்புதான், ஒருத்தியே மடிக்கலாம். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். மூலைகள் சேரும்போது அக்கா ஒரு வார்த்தை சொல்வாள்; அன்றைக்கு என் நோட்டில் முதல் வார்த்தை அதுவாக இருக்கும். பாதி நோட்டு அப்படி நிறைந்ததுதான்.

செவ்வாய்க்கிழமையும் அவள் இரண்டு மூலையைப் பிடித்தாள். நான் இரண்டு மூலையைப் பிடித்தேன். உதறினோம். நடந்து வந்தோம். விரல்கள் தொட்டன, அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் வாய் லேசாகத் திறந்தது. நான் காத்திருந்தேன்.

மூலைகளை என் கையில் கொடுத்துவிட்டு அவள் நீலக் கோட்டை எடுக்கப் போனாள்.